சூடேறவும் தாமதிக்கிறது, நெடுஞ்சாலையில் கொதிக்கவும் செய்கிறது: எஞ்சினில் எங்கே கோளாறு?

தக்கலை_வழிப்போக்கன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2012ஆம் ஆண்டு மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்று உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வேறொருவர் ஓட்டிய வண்டியாக வாங்கினேன். இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேலை நிமித்தமாக வாரத்தில் இரண்டு நாள் தக்கலையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்த் திரும்புகிறேன்.

வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம், வடசேரி என்று நெரிசலில் ஊர்ந்து செல்லும்வரை வண்டி ஒரு குறையும் சொல்வதில்லை. ஆரல்வாய்மொழி கடந்து, காவல்கிணற்றில் நான்குவழிச் சாலையில் ஏறி, ஏசியைப் போட்டு 90 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்தால், பத்தே நிமிடத்தில் வெப்பமானி முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏறத் தொடங்குகிறது. ஏசியை அணைத்து 50க்கு இறங்கினால் முள்ளும் இறங்கிவிடுகிறது. சென்ற மாதம் வள்ளியூர் அருகே அதைக் கவனிக்காமல் சற்று அதிகமாக ஓட்டிவிட்டேன். ரிசர்வ் டேங்க் வழியே கூலண்ட் பொங்கி வெளியே வந்துவிட்டது.

இதுவரை பணிமனையில் செய்தவை: ரேடியேட்டர் மின்விசிறி மோட்டாரை மாற்றினார்கள், மூடியை மாற்றினார்கள், மூன்று முறை கூலண்ட் ஊற்றினார்கள். இப்போது ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்க வேண்டும், ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் செய்து பரப்பைச் சமமாக்க வேண்டும், எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அதற்குச் சம்மதிப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

புத்தேரி_குளக்கரை

மூடியை மாற்றினார்கள் என்கிறீர்களே, அதே அழுத்த அளவு கொண்ட மூடிதானா? மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பார்கள். அழுத்தம் குறைந்த மூடியைப் போட்டால் கொதிநிலையும் குறையும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

குளச்சல்_உப்புக்காற்று

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது பயன்படலாம். என் வண்டி உங்கள் வண்டிக்கு நேர் எதிர்: நெடுஞ்சாலையில் குளிர்ச்சியாக ஓடும், மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றால் சூடேறும். விசிறி சுற்றத்தான் செய்தது, அதனால் அதைச் சந்தேகிக்கவே இல்லை. கடைசியில் ஒரு எலக்ட்ரீஷியன், விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இணைப்பில் மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, விசிறிக்கு 9 வோல்ட் மட்டுமே போய்க்கொண்டிருந்தது. வீடு கடலிலிருந்து 300 மீட்டருக்குள் இருப்பதால், பாடியில் எர்த் கம்பியைப் பொருத்தும் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தது. அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிய முனை வைத்து இறுக்கி, கிரீஸ் தடவியதோடு தொல்லை தீர்ந்தது. விசிறி சுற்றுவது வேறு, போதுமான வேகத்தில் சுற்றுவது வேறு.

ராணித்தோட்டம்_ஓய்வு

தம்பி, ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். குறைந்தது இந்த வாரம் சம்மதிக்காதீர்கள். அரசுப் பேருந்துப் பணிமனையில் 31 ஆண்டுகள் டீசல் எஞ்சின்களோடு கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சூடேறும் வண்டியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்போது சூடேறுகிறது" என்பதுதான். எந்தப் பாகத்தை மாற்றுவது என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

நிற்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்று பொருள். விசிறி, அதன் ரிலே, வெப்ப உணரி, குளச்சல் நண்பர் சொன்ன எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிற்கும்போது நன்றாக இருந்து, வேகம் பிடித்தால் சூடேறினால் அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் ஓட்டத்தில்தான் குறை. ரேடியேட்டரின் உள் குழாய்கள் அடைந்திருக்கலாம், வாட்டர் பாடியின், அதாவது தண்ணீரைச் சுற்றவிடும் பம்பின், இறக்கைகள் அரித்துத் தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சும் விசையில் உள்வாங்கித் தட்டையாகலாம், சூட்டுக்கேற்பத் தண்ணீரின் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு முழுமையாகத் திறக்காமல் இருக்கலாம். நின்றாலும் ஓடினாலும், காலையில் கிளப்பிய ஐந்தாவது நிமிடத்திலேயே தொல்லை கொடுத்து, கூலண்டைத் தள்ளிக்கொண்டே இருந்தால் அப்போது ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிப் பேசலாம். உங்கள் வண்டி இரண்டாவது வகை. உங்களுக்கு விசிறி மோட்டாரை மாற்றியவர்கள் முதல் வகைக்கான மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு நான்கு விவரங்கள் வேண்டும். காலையில் கிளப்பியபின் முள் நடுவுக்கு வர எத்தனை கிலோமீட்டர் ஆகிறது? மைலேஜ் குறைந்திருக்கிறதா? குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் போல இறுகுகிறதா? கூலண்ட் என்று ஊற்றினார்களே, அது என்ன, எந்தத் தண்ணீரில் கலந்தார்கள்?

இன்னொன்று: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம். கீரிப்பாறை வழித்தடத்தில் பழைய பேருந்து ஒன்று மூச்சு வாங்கி நின்றபோது, அவசரப்பட்டு மூடியைத் திருகிய உதவியாளர் ஒருவரின் முழங்கை வரை தோல் உரிந்ததை நேரில் பார்த்தவன் நான். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, கனமான துணியை மேலே போட்டுத் திறக்க வேண்டும். ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் விரிசல் விடக்கூடும்.

தக்கலை_வழிப்போக்கன்

மிக்க நன்றி ஐயா. எஞ்சின் கணினியின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, கைபேசியில் எண்களைப் பார்த்துக்கொண்டே நேற்று ஒரு முறை போய் வந்தேன்.

நீங்கள் முதலில் கேட்ட கேள்விதான் எனக்கு வியப்பளித்தது. காலையில் 27 டிகிரியில் கிளப்பிய எஞ்சின், 9 கிலோமீட்டர் ஓடியபின்னும் 71 டிகிரியில்தான் இருந்தது. நாகர்கோவில் நகருக்குள் 80க்கும் 86க்கும் இடையில் நின்றது. காவல்கிணறு தாண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபோது 108 வரை ஏறியது. அதற்கு மேல் துணிவு வரவில்லை, வேகத்தைக் குறைத்துவிட்டேன். மைலேஜ் முன்பு லிட்டருக்கு 17 கிடைத்தது, இப்போது 14. மேல் ஹோஸ் கிளப்பியவுடன் இறுகவில்லை; சூடான பிறகுதான் இறுகுகிறது. கூலண்ட் என்று சொன்னது பாதியளவு பச்சைத் திரவம். மீதி பணிமனையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். முந்தைய உரிமையாளர் வெறும் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றி வந்தாராம். கேட்டதும் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

எனக்குப் புரியாதது இதுதான்: சூடேறவே இவ்வளவு தாமதிக்கிற எஞ்சின் எப்படி 108க்குப் போகிறது?

ராணித்தோட்டம்_ஓய்வு

தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருக்காது என்பது என் கணிப்பு. அதன் உறையைக் கழற்ற இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகள்தான்.

தக்கலை_வழிப்போக்கன்

உங்கள் கணிப்பு சரி ஐயா. உறையைத் திறந்தால் உள்ளே வெறும் குழிதான் இருந்தது. ஓரத்தில் கேஸ்கெட் பசையை அப்பி மூடியிருக்கிறார்கள். படத்தை இணைத்திருக்கிறேன். யார், எப்போது எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

திற்பரப்பு_ரப்பர்

இதில் என்ன தவறு என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் தோட்டத்து ஜீப்பில் 1990களிலேயே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டோம். இன்றுவரை குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை, அதற்கு மேல் கோதையாறு சாலை என்று ரப்பர் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு ஏறி இறங்குகிறது, ஒருநாளும் கொதித்ததில்லை. குளிர் நாடுகளில் எஞ்சின் விரைவாகச் சூடேற வேண்டும் என்பதற்காக வைத்த பொருள் அது. உறைபனியே காணாத குமரி மாவட்டத்தில் தண்ணீரின் பாதையில் ஒரு தடையை எதற்காக வைக்க வேண்டும்? தடை இல்லாவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும், எஞ்சின் குளிரும். இது அனுபவத்தில் கண்ட உண்மை.

ராணித்தோட்டம்_ஓய்வு

ரப்பர்க்காரரே, உங்கள் ஜீப்பைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பாதி உண்மை. தம்பியின் காருக்கு அது பொருந்தாது. ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

எஞ்சினிலிருந்து வெளிவரும் சூடான தண்ணீருக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று ரேடியேட்டர் வழியாகச் சுற்றி வருவது. மற்றொன்று ரேடியேட்டரைத் தொடாமல் நேராக வாட்டர் பாடிக்குத் திரும்பும் குறுக்குவழி. பைபாஸ் என்று சொல்வோம். உங்கள் பழைய ஜீப்பில் அந்தக் குறுக்குவழி சிறியதாக இருந்திருக்கும். வால்வை எடுத்தாலும் பெரும்பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போயிருக்கும். பிற்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. மேல்தட்டு திறந்து ரேடியேட்டர் பாதைக்கு வழிவிடும் அதே நேரத்தில், கீழ்த்தட்டு இறங்கிக் குறுக்குவழியின் வாயை அடைக்கும். அதாவது அந்த வால்வு ஒரு கதவைத் திறந்துகொண்டே இன்னொரு கதவை மூடுகிறது. தம்பி இணைத்த படத்தில் குழியின் அடியில் வட்டமாக ஓர் ஓட்டை தெரிகிறது பாருங்கள், அதுதான் குறுக்குவழியின் வாய்.

அந்த வால்வை எடுத்துவிட்டால் இரண்டு கதவுகளும் எப்போதும் திறந்தே கிடக்கும். காலையில் எஞ்சின் சூடேற வேண்டிய நேரத்தில் தண்ணீரின் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் 9 கிலோமீட்டர் ஓடியும் 71. நெடுஞ்சாலையில் எஞ்சின் முழு வெப்பத்தையும் உமிழும்போது தண்ணீரின் இன்னொரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே குறுக்குவழியில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் 108. நீங்கள் கேட்ட புதிரின் இரண்டு பாதிகளுக்கும் காரணம் ஒன்றே.

மைலேஜ் குறைந்ததும் அதே கணக்கில்தான் வருகிறது. எஞ்சின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று உணரி சொன்னால், கணினி பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கும். அது எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலிலும் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

புதிய வால்வை அப்படியே பொருத்திவிடாமல் வீட்டிலேயே சோதியுங்கள். பழைய பாத்திரத்தில் நீர் நிரப்பி, வால்வை அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்க வேண்டும். 82 என்று முத்திரையிட்ட வால்வு அந்தச் சுற்றுவட்டாரத்தில் கண் திறக்கத் தொடங்கி, 95 வாக்கில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். பொருத்தும்போது, அதில் ஆடிக்கொண்டிருக்கும் சிறு ஊசி பெரும்பாலான எஞ்சின்களில் மேல்பக்கம் வர வேண்டும். சிக்கிய காற்று வெளியேறும் வழி அது.

நாஞ்சில்_ஆசிரியை

தண்ணீரைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் நான் சொல்கிறேன். பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடாக்கும்போது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டரின் கம்பியில் படியும் அதே வெள்ளைக் காரைதான். ரேடியேட்டர் குழாய்களின் உட்புறம் ஓரிரு மில்லிமீட்டர் அகலமே கொண்டது. அங்கே காகிதத் தடிமனில் படிந்தாலும் ஓட்டமும் குறையும், வெப்பம் கடத்துவதும் குறையும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அந்தக் காரை வெப்பத்தைக் கடத்துவது நூறில் ஒரு பங்குகூட இராது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீரில் குளோரைடும் சேர்ந்திருப்பதால், அது அலுமினியத்தில் ஊசிமுனைத் துளைகளை உண்டாக்கும். மழைநீர் நல்லதல்லவா என்று கேட்பார்கள். அது மென்னீர்தான், ஆனால் கடலோரத்தில் ஓட்டின் மேல் படிந்திருக்கும் உப்பையும் கழுவிக்கொண்டுதான் வருகிறது. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை ஐந்து லிட்டர் கேனாக வாங்கிவிட்டால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை.

கூலண்டை எவ்வளவு கலப்பது என்பதிலும் தவறான எண்ணம் ஒன்று உலவுகிறது. நீர் கலக்காமல் அடர்த்தியாக ஊற்றினால் நல்ல குளிர்ச்சி கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கூலண்டின் மூலப்பொருளான தூய எத்திலீன் கிளைக்கால் 197 டிகிரியில்தான் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். அந்தத் திரவத்துக்குச் சுமார் 2.4 போதும். அதாவது, ஒரே அளவு திரவம் சுற்றி வரும்போது அது சுமந்து செல்லும் வெப்பம் மிகவும் குறைவு. வெப்பத்தைச் சுமப்பது நீர். கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் கூலண்டின் வேலை. பாதிக்குப் பாதி கலந்த கரைசல் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும்; ரேடியேட்டர் மூடி காக்கும் அழுத்தத்தில் இன்னும் 20 டிகிரிக்கு மேல் உயரும். உறைபனி இல்லாத ஊர்களுக்கு 30 சதவீதம் போதும் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. உங்கள் வண்டியின் கையேடு எதைச் சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பது அந்தந்த நிறுவனம் சேர்க்கும் சாயம் மட்டுமே. உள்ளே இருக்கும் துருத்தடுப்பு வகையை அது உறுதி செய்யாது. வெவ்வேறு வகைகளைக் கலந்தால் சில நேரம் கூழ் போல் திரண்டுவிடும்.

தக்கலை_வழிப்போக்கன்

தெர்மோஸ்டாட் வாங்கியாயிற்று. ஐயா சொன்னபடி பாத்திரத்தில் சோதித்தேன்; 83 டிகிரியில் கண் திறந்தது. ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன்.

ஆயினும் ஹெட் கேஸ்கெட் பற்றிய பயம் மனத்தை விட்டுப் போகவில்லை. ஒருமுறை பொங்கிய வண்டி அல்லவா? நாகர்கோவிலில் வேறொரு பணிமனையில் கேட்டபோது, இரண்டு சோதனைகள் செய்யலாம் என்றார்கள். முதலாவதில், குளிர்ந்த ரேடியேட்டரின் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி 1 பார் அழுத்தம் ஏற்றினார்கள். 20 நிமிடம் முள் அசையவில்லை. இரண்டாவதில், நீல நிறத் திரவம் கொண்ட கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மேலெழும் ஆவியை அதன் வழியே இழுத்தார்கள். எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகுமாம். ஐந்து நிமிடம் பார்த்தோம்; நீலம் நீலமாகவே இருந்தது. இரண்டுக்குமாக 600 ரூபாய் வாங்கினார்கள். 28,000 ரூபாய் செலவைச் சொன்னவர்கள் இதை ஏன் செய்து பார்க்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

ராணித்தோட்டம்_ஓய்வு

நல்ல வேலை செய்தீர்கள். ஹெட்டைக் கழற்றுவது எளிது. கழற்றிய பின் ஃபேசிங் செய்யாமல் மாட்டுவது ஆபத்து, செய்தால் செலவு. இரும்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் உலோகம் அலுமினியம். அதனால்தான் ஒருமுறை கடுமையாகக் கொதித்த ஹெட் வளைந்துவிடுகிறது. பல சிறு கார்களுக்கு 0.05 மில்லிமீட்டர் வளைவுதான் வரம்பு. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துத்தான் அளக்க வேண்டும். உங்கள் வண்டி அந்த நிலைக்குப் போகவில்லை.

பூதப்பாண்டி_வயல்

ஒரு சிறு குறிப்பு. கும்பப்பூ அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் சாலையெல்லாம் வைக்கோலைக் காயப் போட்டிருப்பார்கள். அந்தத் தூசும் பதரும், முன்னால் இருக்கும் ஏசி கண்டன்சருக்கும் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் போய் மெத்தை போல அடைந்துகொள்ளும். முன்பக்கம் பார்த்தால் சுத்தமாகவே தெரியும். மேல் பிடிகளைத் தளர்த்தி, இரண்டையும் சற்று விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய் நீரைப் பீய்ச்சினால் போதும். கார் கழுவும் அழுத்தக் குழாயை அருகில் வைத்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும்.

தக்கலை_வழிப்போக்கன்

பார்த்தேன். கொஞ்சம் பதரும், ஏராளமான செத்த பூச்சிகளும், ஒரு நெகிழிப் பையின் துண்டும் வந்தன.

தெர்மோஸ்டாட்டைப் பொருத்தி, வடிநீரில் கலந்த புதிய கூலண்ட் ஊற்றி, முன்சக்கரங்களை மேடான இடத்தில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றினேன். பலன் உடனே தெரிந்தது. 3 கிலோமீட்டரிலேயே 80 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. ஆனால் அதே நெடுஞ்சாலையில், அதே 90 கிலோமீட்டர் வேகத்தில், ஏசியுடன் 101, சில நேரம் 103. முன்பிருந்த 108க்கு இது பரவாயில்லை என்றாலும், விசிறி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னும் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

முப்பந்தல்_காற்று

ஒரு கேள்வி: நீங்கள் ஓட்டிப் பார்த்தது எந்தத் திசையில், எந்த நேரத்தில்? தென்மேற்குப் பருவக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து கிழக்காகத்தான் வீசுகிறது. இத்தனை காற்றாலைகள் இங்கே நிற்பதும் அதனால்தான். நீங்கள் திருநெல்வேலிக்குப் போகும்போது அது முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து வீச, நீங்கள் 90இல் போனால் ரேடியேட்டரின் முகத்தில் படுவது 50 கிலோமீட்டர் காற்றுதான். திரும்பி வரும்போது அதே வண்டி குளிர்ந்து ஓடும். வண்டி குணமாகிவிட்டது என்று திரும்பும் வழியில் நினைத்து ஏமாந்தவன் நான்.

தக்கலை_வழிப்போக்கன்

உண்மைதான்! திரும்பும்போது எப்போதும் நன்றாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்; மாலை நேரம் என்பதால் என்று நினைத்திருந்தேன்.

ராணித்தோட்டம்_ஓய்வு

அந்தக் காற்றுக் கணக்கு அருமை. இத்தனை ஆண்டுகள் அந்தக் கணவாயைக் கடந்தும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ள ரேடியேட்டர் பின்காற்றிலும் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆகவே சந்தேகம் இனி ரேடியேட்டரின் உட்புறத்தின் மேல்தான்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, விசிறி ஒருமுறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியால் ரேடியேட்டரின் முகத்தைப் பல இடங்களில் அளந்து பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி பொய் சொல்லும். அளக்கும் இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சிறு சிறு துண்டாக ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை வெப்பம் படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று குளிர்ந்த திட்டு தென்பட்டால் அங்கே குழாய்கள் அடைந்திருக்கின்றன. மின்விசிறி எந்நேரமும் தானாகச் சுற்றத் தொடங்கும் என்பதால் கையையும் சட்டையின் நுனியையும் தள்ளியே வையுங்கள்.

கூடவே வேறொருவரை உட்கார வைத்து, எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு ஏற்றச் சொல்லிக் கீழ் ஹோஸைப் பாருங்கள். அது உள்வாங்கிச் சப்பினால் அதையும் மாற்ற வேண்டும்.

அடைப்பு உறுதியானால், அமிலம் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது சொல்வார்கள். செம்பு, பித்தளை ரேடியேட்டர் காலத்தில் தொட்டியை இளக்கி எடுத்து, குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வோம். அது ஒரு கலை. இன்றைய அலுமினியக் குழாயும் நெகிழித் தொட்டியும் அதற்குத் தாங்காது. வீரியமான அமிலமோ காரமோ காரையோடு சேர்த்து உலோகத்தையும் தின்றுவிடும். மாற்றிவிடுவதே சிக்கனம்.

தக்கலை_வழிப்போக்கன்

அளந்தேன். என் வண்டியில் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்காக ஓடும் ரேடியேட்டர். நுழையும் பக்கம் 92, மேல்பகுதியின் நடுவில் 85, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம்வரை எங்கே அளந்தாலும் 46, 48. கீழ் ஹோஸ் சப்பவில்லை. ஆக, ரேடியேட்டரில் மூன்றில் ஒரு பங்கு அலங்காரத்துக்கு நின்றிருக்கிறது.

புதிய ரேடியேட்டர் 4,200 ரூபாய், கூலி 800. பழையதைக் கடைக்காரர் என் கண் முன்னே ஓரத்தில் அறுத்துக் காட்டினார். கீழ் வரிசைக் குழாய்களின் வாயில் வெள்ளையும் செம்மண் நிறமுமாகக் காரை இறுகிக் கிடந்தது, குண்டூசிகூட நுழையவில்லை.

இரண்டு வாரம் ஓட்டிய பிறகே இதை எழுதுகிறேன். காவல்கிணறு முதல் நாங்குநேரி வரை 90 கிலோமீட்டர் வேகம், ஏசி, பின்காற்று, மூன்று பேர்: 91க்கும் 95க்கும் இடையில் நின்றது. ரப்பர்க்காரர் அண்ணாச்சி சொன்ன கோதையாறு சாலையிலும் வேண்டுமென்றே இரண்டாம் கியரில் ஏற்றிப் பார்த்தேன். 97 வரை போய், விசிறி ஓடி, 92க்கு இறங்கியது. மைலேஜ் 16.5 வந்துவிட்டது. மொத்தச் செலவு, ஆயிலும் சோதனையும் சேர்த்து, 9,000 ரூபாய்க்குள். அதற்கு முன் வீணாக மாற்றிய விசிறி மோட்டார் இந்தக் கணக்கில் இல்லை. அதை நினைக்கவும் விரும்பவில்லை.

திற்பரப்பு_ரப்பர்

வாழ்த்துகள் தம்பி. ஜீப்பில் தெர்மோஸ்டாட்டை நான் போடப் போவதில்லை; அது தன் போக்கில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சென்ற ஆண்டு மகளுக்கு வாங்கிக் கொடுத்த காரிலும் அதைக் கழற்றச் சொல்லி நானேதான் மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தேன். இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று குலசேகரத்தில் புதிய வால்வு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இறக்கிய பழைய கூலண்டை என்ன செய்வது? தோட்டத்து ஓடையில் ஊற்றிவிடலாமா?

நாஞ்சில்_ஆசிரியை

வேண்டவே வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்டது. நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும். சிறிதளவே போதும், சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். ஆடு, மாடு, கோழிக்கும் அது நஞ்சுதான். மூடியுள்ள கேனில் ஊற்றி, குடிநீர் என்று யாரும் எண்ணிவிடாதபடி மேலே எழுதி, பழைய ஆயில் சேகரிக்கும் பணிமனையில் கேட்டுப் பாருங்கள். ஆயிலோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். சிந்திய இடத்தில் மண்ணையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளிவிடுங்கள்.

தக்கலை_வழிப்போக்கன்

இதைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். நான் கூலண்டை இறக்கிய பழைய பக்கெட் இரண்டு வாரமாகக் கார் கொட்டகையின் மூலையில் அப்படியே கிடந்திருக்கிறது. நல்லவேளை, மேலே ஒரு தகரத்தை அம்மா போட்டு மூடி வைத்திருக்கிறார். இப்போது கேனில் ஊற்றி, "விஷம்" என்று எழுதி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.